காற்றுப் பூனை

குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுவது சுலபம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும். கவிதை பிடிக்காவிட்டாலும் பெரியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் பாதியிலேயே எழுந்து போய்விடும்.

நீங்கள் வேறு கோளிலிருந்து விசாரிக்க வந்திருப்பவர். எங்கள் ஊர் நடைமுறை உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் முழுவதும் பாறைக்குள் குடைந்தது. வெளியே காற்று கிடையாது. எங்காவது பாறை விரிசல் விட்டால் சிவப்பு விளக்கு எரியும். இருபது விநாடிக்குள் கதவுகளை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு, அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் காற்றை யந்திரம் உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பிவிடும். காற்றை வீணடிக்க எங்களுக்குக் கட்டுபடியாகாது.

நான் மழலையர் பள்ளியில் எழுத்தர். அறிவிப்புப் பலகை எழுதுவதுதான் வேலை. "வழியில் வாளி வைக்காதீர்" என்று குளியலறை வாசலில் ஒரு பலகை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மூன்றே சொல், மூன்றிலும் மோனை. பன்னிரண்டு வருடமாக ஒருவரும் அதைக் கவனித்துச் சொன்னதில்லை. வாளியும் வழியிலேயேதான் இருக்கிறது.

மற்ற நேரத்தில் நான் கவிஞன். ஒரு தொகுப்புகூடப் போட்டேன். அக்கா வீட்டு அலமாரிக்கு ஒரு கால் குட்டை. என் புத்தகத்தில் இரண்டு பிரதி அடியில் வைத்தபோது கச்சிதமாக நின்றது. அக்காவைக் குறை சொல்லவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். பாறை வெட்டும் வேலை முடிந்து, முடியெல்லாம் தூசியோடு வந்து உட்கார்ந்து, நான் வாசிக்கும் கவிதை அத்தனையையும் கேட்பாள். மூன்றாவது கவிதையில் குறட்டை வரும். இருந்தாலும், எழுந்து போகாத ஒரே ரசிகை.

ஏழு வருடத்துக்கு முன்னால் பழைய பள்ளியில் ஒரு விபத்து நடந்தது. விளக்கு எரிந்ததும் அங்கிருந்த டீச்சர் கதவை மூடப் போனாள். நடைகூடத்தில் ஒருவர் ஓடி வருவதைப் பார்த்து, அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் பிழைக்கவில்லை, டீச்சரும் பிழைக்கவில்லை. உள்ளே பதினோரு பிள்ளைகள்.

அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு அதிகாரி என்னிடம் வந்தார். என்னைத் தேடி ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"பெரியவங்க இரக்கப்பட்டுடுறாங்க சார். பிள்ளைங்க கையிலயே பொத்தானைக் கொடுத்துடலாம்னு இருக்கோம். விளையாட்டு மாதிரி பழக்கிட்டா யோசிக்காம அமுக்கிடும். நீங்க பாட்டெல்லாம் எழுதுவீங்களாமே?"

எழுதுவீங்களாமே என்று கேட்டார். நான் அன்றிரவு சாப்பிடவே இல்லை.

பொத்தான்களைப் பிள்ளைகளின் தோள் உயரத்தில் வைத்தார்கள். மூடுவதற்குச் சிவப்பு, திறப்பதற்குப் பச்சை. இரண்டும் உள்பக்கம் மட்டும்தான். நான் ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினேன். பாட்டு இதுதான்:

சிவப்பு விளக்கு சிமிட்டுது
சின்ன விரலே அமுக்கிடு
கனத்த கதவு மூடுது
காற்றுப் பூனை வந்தது

தட்டித் தட்டிப் பார்க்குது
தாழைத் திறக்கச் சொல்லுது
அம்மா குரலில் அழைக்குது
அம்மா இல்லை, பூனை அது

எங்கள் ஊரில் பூனை கிடையாது. படத்தில் பார்த்ததுதான். அதனால் பிள்ளைகளுக்குப் பூனை எவ்வளவு பெரியது என்று தெரியாது. எனக்கும் தெரியாது. அதுவே பாட்டுக்கு வசதியாகப் போயிற்று.

கடைசி இரண்டு அடிகளைப் படித்துவிட்டு அதிகாரி தாளை என் பக்கமே தள்ளி வைத்தார். பிறகு, "இது வேணுமா சார்?" என்றார். அதுதான் பாட்டின் உயிர் என்றேன். மூடிய கதவை மறுபடி திறக்கவைப்பது அம்மா குரல் ஒன்றுதான் என்று விளக்கினேன். ஒப்புக்கொண்டார். நான் பேசினால் ஒருவர் ஒப்புக்கொள்வதும் அதுதான் முதல் தடவை.

ஒரே மாதத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பாடின. குளிக்கும்போது பாடின, வரிசையில் நிற்கும்போது பாடின. வாரத்துக்கு ஒரு முறை ஒத்திகை. அதற்கான சாவியை அதிகாரி என்னிடமே கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் இரண்டு சுவிட்ச். வெள்ளை, ஒத்திகைக்கு; விளக்கு மட்டும் எரியும். கறுப்பு, நிஜத்துக்கு; தெருப்பக்கக் கதவு தானாக மூடிக்கொள்ளும், பிள்ளைகள் பள்ளிக் கதவை மூடியதும் யந்திரம் நடைகூடத்துக் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆறு நிமிடத்தில் வேலை முடிந்து விளக்கு அணைந்துவிடும். பச்சைப் பொத்தானை அமுக்கினால் உடனே நின்றுவிடும்.

தொந்தரவு அக்கா வீட்டிலிருந்துதான் ஆரம்பித்தது. அவள் மகளுக்கு ஐந்து வயது. ஒருநாள் அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால் பிள்ளை திறக்கவில்லை. உள்ளேயிருந்து பாட்டு மட்டும் கேட்கிறது. அக்கா ஒரு மணி நேரம் தெருவில் நின்றிருக்கிறாள்.

"உன் பாட்டு அமோகம்டா தம்பி," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நான் பெத்த மகளே என்னைப் பார்த்து நீ பூனைதானேன்னு கேக்குறா."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை நடந்தபோது அவள் சிரிக்கவில்லை. பிள்ளை தூக்கத்தில் அவள் முகத்தைத் தடவிப் பார்த்து, மீசை இருக்கிறதா என்று தேடியதாம். அக்கா தெருத்தெருவாகப் போய் நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்துவிட்டாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். "உன்மேல கோபமில்லடா. அந்தக் கடைசி ரெண்டு வரி மட்டும் வேண்டாம். மாத்தி எழுதிக் கொடேன்," என்றாள். மாற்றலாம் என்று மூன்று நாள் முயன்றேன். எதை வைத்தாலும் தளை தட்டியது.

அதற்குள் அதிகாரியே வந்துவிட்டார். "பாட்டையே நிறுத்திடலாம்னு முடிவாயிடுச்சு சார். புதுக் கதவு வருது. தானா மூடிக்கும், தானா ஆள் பார்த்துத் திறக்கும். பீப்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையோட பாட்டு கிடையாது."

உலகத்தில் எத்தனையோ கவிஞர்கள் மேலான கவிஞர்களிடம் தோற்றிருக்கிறார்கள். ஒரு பீப்பிடம் தோற்றவன் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. மனசில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பாட்டின் முதல் பாதி ஒவ்வொரு வாரமும் ஒத்திகையில் தேறியது. விளக்கு எரியும், சின்ன விரல் அமுக்கும், கதவு மூடும். பின்பாதியை மட்டும் பள்ளியில் யாரும் பரீட்சித்ததில்லை. ஒத்திகையில் யார் வந்து அம்மா குரலில் தட்டுகிறார்கள்? எழுதியவனுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருக்காதா? நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டேகால். கறுப்புச் சுவிட்சைத் திருப்பினேன். அப்போது நடைகூடம் காலியாக இருந்தது என்று நான் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பள்ளிக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருக்கிறது. நான் பார்த்தேன். பிள்ளைகளைக் கூட்டிப் போக ஐந்து பெற்றோர் வந்திருந்தார்கள். டீச்சர் வெளியே போய் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆறு பேர். அக்கா அன்றைக்கு முகம் கழுவி, தலை வாரி வந்திருந்தாள்.

ஒரு முறை பாட இருபத்திரண்டு விநாடி ஆகும். ஒரு முறை பாடி முடித்ததும் பச்சைப் பொத்தானை அமுக்குவது என்பதுதான் என் திட்டம். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பிள்ளைகள் அருமையாகச் செய்தன. முன்வரிசையில் இருந்தவள் ஒரே பாய்ச்சலில் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கதவு மூடியது. எல்லாம் கைகோத்து நின்று பாடத் தொடங்கின. வெளியே முதலில் யாரும் பதறவில்லை. ஒத்திகை என்று நினைத்திருப்பார்கள். டீச்சர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். உறிஞ்சும் சத்தம் கேட்ட பிறகுதான் தட்டினார்கள்.

தட்டுவதும் பாட்டும் சேர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பது நாள் என் தலைக்குள் மட்டும் கேட்ட சத்தம் அது. ஒரு முறை முடிந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யார்தான் நிறுத்துவார்கள்? இன்னொரு முறை ஆகட்டும் என்று நினைத்தேன். ஐந்தாம் முறையில் வெளியே ஒவ்வொருவரும் அவரவர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பின்பாதிக்கான பரீட்சை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பிள்ளைகூட வரிசையை விட்டு நகரவில்லை. சில பிள்ளைகள் அழுதுகொண்டே பாடின. ஆனாலும் பாடின.

ஏழாம் முறையில் அக்கா பிள்ளையைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ உள்ளதானடா இருக்கே? திறடா. மூச்சு முட்டுதுடா."

பிள்ளைகள் கதவை மறைத்துக்கொண்டு நின்றதால் பொத்தானை எட்ட முடியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வலது கைக்கும் பொத்தானுக்கும் இரண்டடி என்று உங்கள் ஆட்களே அளந்துவிட்டார்கள். அளவு சரிதான்.

நான் யாரையும் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. காற்றை உறிஞ்சியது யந்திரம். மூடியது பிள்ளைகள். திறக்கத் தடை சொன்னது எட்டு வரி. அந்த எட்டு வரிக்கு அரசாங்க முத்திரை இருக்கிறது. நான் செய்தது என்று தனியாக ஏதாவது உண்டென்றால் ஒன்றே ஒன்றுதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் முறை பாடும்போது அக்கா மகள் வரிசையை விட்டுப் பிரிந்தாள். பச்சைப் பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டாள். அமுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே தட்டும் சத்தம் அப்போது மிகவும் மெதுவாகியிருந்தது.

"மாமா," என்றாள். "பூனைக்கு என் செல்லப் பேரு எப்படித் தெரியும்? அது அம்மாதானே மாமா?"

அழுகையில் அவளுக்குப் பாட்டு நின்றுபோயிருந்தது. பாதியில் நிற்கும் பிள்ளைக்கு அடியெடுத்துக் கொடுக்க வேண்டியது பாட்டு எழுதியவன் பொறுப்பு. குனிந்து, அவள் காதோரமாக, கடைசி அடியை எடுத்துக் கொடுத்தேன். விரலை எடுத்துவிட்டாள். அங்கிருந்து பிடித்துக்கொண்டு, பதினாறாம் முறை முடிந்து விளக்கு அணையும்வரைக்கும், ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினாள். எங்கள் வீட்டில் எனக்குப் பிறகு அவளுக்குத்தான் ஞானம் இருக்கிறது.