வெள்ளைக்கு நிழல் வேண்டும்

நிழலில் எதுவும் வளராது என்று சொல்பவர்களுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் பெரிய மரத்தடியில் நான் வெள்ளை ஃபாக்ஸ்குளோவ் பூச்செடி வளர்க்கிறேன். முதல் வருடம் வெறும் இலைதான். பார்ப்பவர்கள் ஏதோ கீரை என்று நினைப்பார்கள். மறு வருடம் ஆள் உயரத் தண்டில் மணி மணியாகப் பூக்கும். ஆனால் நிறம் முன்பே தெரிந்துவிடும், சார். இலைக்காம்பில் ஊதா ஓடினால் பூவும் ஊதா. அதைப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிடுவேன். விட்டுவைத்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும், பிறகு வெள்ளையே மிஞ்சாது.

கொழுந்தன் வேலை போய் எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டான். அதைக் குறை சொல்லவில்லை. சோறு போட்டேன், சட்டை துவைத்தேன். ஆனால் வந்த நாளிலிருந்து அவன் கண் என் மரத்தின் மேல்தான்.

"இத வெட்டிட்டா அண்ணன் காருக்கு ஷெட் போட்டுரலாம் அண்ணி. கீழ என்ன இருக்கு, வெறும் தழைதானே?"

என் வீட்டுக்காரர் தம்பி பேச்சுக்குத் தலையாட்டுகிறவர். மரம் போனால் வெயில் நேராக இறங்கும், செடியெல்லாம் கருகிப்போகும் என்று இருவரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போதும் வெறுக்கிறேன், மறைப்பானேன். மரம் வெட்ட ஆளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

கொழுந்தனுக்குத் தன் உடம்பின் மேல் அபாரப் பிரியம். காலையில் எழுந்ததும் கூடையில் இருக்கும் கீரையை மிக்சியில் அடித்துக் குடிப்பான். ஆள் வர வேண்டிய அன்று, பிடுங்கிய ஊதாக்காம்புச் செடிகளை நான் குழியில் போடவில்லை. நன்றாகக் கழுவி அந்தக் கூடையில் வைத்தேன்.

"என்ன அண்ணி, இப்படிக் கசக்குது?"

"கசந்தாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு நீதானே சொல்லுவ."

அவன் மீதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி அண்ணனிடம் நீட்டினான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்ற சொல் என் வாய்வரை வந்தது. என் வீட்டுக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டே, "மரம் வெட்டுறவன் கரெக்டா வந்துருவானாடா?" என்று கேட்டார். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

வெட்ட வந்தவன் வாசலில் ஆம்புலன்சைப் பார்த்துத் திரும்பிப் போனான். சாயங்காலத்துக்குள் அண்ணனும் போனார், தம்பியும் போனான். நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பதுபோல் பார்க்காதீர்கள். வெள்ளையிலும் அதே விஷம்தான் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் பாத்தி நிறைய நின்றது. போய்ப் பாருங்கள், ஒரு இலைகூடக் கிள்ளியிருக்க மாட்டேன். இந்த வருடம் பூக்க வேண்டிய உயிர் சார் அது. அதன் மேல் கை வைக்க எனக்கு மனசு வராது.