சுவருக்கு அந்தப் பக்கம் பேசியவள்

“தினமும் எழுதறியே சோனியா, உனக்கு எங்கிருந்தும்மா வருது?” என்று ஸ்ரீவித்யா மிஸ் ஒருமுறை கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மர்பி டவுன் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவர். நான் எழுதுவது அவருக்கு மட்டும்தான் தெரியும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு வாய் திறக்காது. அதனால்தான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, வீட்டில் புடவை முந்தானைகளுக்குக் குச்சு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வழி சொன்னவரும் மிஸ்தான். “மூடு வரட்டும்னு காத்திருக்காத. தினமும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல உக்காரு. அது தானா வரும்.”

சொன்னதைச் செய்கிற பிள்ளை நான். எனக்குக் கிடைத்த இடம் அடுப்பங்கரைச் சுவரோரம். சுவருக்கு அந்தப் பக்கம் அன்னம்மாள் ஆண்ட்டி இருந்தார். மகன் டிரேவர், ருக்மிணி என்ற பெண்ணைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது, இனி வாசப்படி மிதிக்காதே என்று துரத்தியவர். போனில் பேசவும் இருவருக்கும் ரோஷம் விடவில்லை. ஆனால் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் ஆண்ட்டி மாதாவை விட்டுவிட்டு, அங்கே இல்லாத மகனோடு பேசத் தொடங்குவார்.

“மத்தி வாங்குனேன்டா. உனக்கு முள்ளெடுத்துக் குடுத்தே பழகுன கை, எனக்குன்னு எடுக்க வரல. கழுத, கதவ ஒதச்சுட்டாவது போயேன்.”

நான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எழுதுவேன். எனக்கு எங்கிருந்தும் வரவில்லை, அங்கிருந்துதான் வந்தது. ஆண்ட்டி வீட்டுக்கு விருந்தாளி வந்த நாட்களில் பக்கம் வெறுமையாகவே இருக்கும். அந்த நாட்கள் எனக்குப் பிடிக்காது.

போன தவக்காலத்தில் ஒரு மத்தியானம் டிரேவர் அண்ணா வந்தார். ஆண்ட்டி சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிருந்தார். கையில் பேக்கரி டப்பா, அம்மாவுக்குப் பிடித்த, தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த். பூட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

“மம்மிக்கு இன்னும் கோவமா?”

அவர் உட்கார்ந்து காத்திருந்து ஆண்ட்டியோடு சமாதானமாகிவிட்டால், நாளையிலிருந்து அந்தப் பக்கம் குழம்பு, பால், தண்ணி லாரி என்று எல்லா வீட்டுப் பேச்சும்தான் கேட்கும். யோசித்துப் பார்த்தேன். பிறகு வாய் தானாகத் திறந்தது.

“ஆமாண்ணா. நீங்க வந்தா உள்ள விட வேணாம்னு சொல்லியிருக்காங்க. உங்க பேரக் கேட்டாலே எழுந்து போயிடறாங்க.”

முதல் பொய் மட்டும் போதியிருக்காது. இரண்டாவதுதான் அதை நம்பவைத்தது. ஒரு தடங்கலும் இல்லாமல் நான் பேசியது அன்றுதான். அவர் டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதை நான் தின்னவில்லை. ஆண்ட்டியிடம் கொடுத்து, நான் வாங்கியது என்றேன். “அவனும் இதத்தான்டி வாங்கியாருவான்” என்றார். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு வெகுநேரம் ஓயவில்லை. எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது. அதைவிட நல்லதாக நான் இன்றுவரை எழுதியதில்லை.

மழைக்காலத்தில் ஆண்ட்டி நெஞ்சுவலியில் போய்விட்டார். சர்ச்சிலிருந்து சொல்லியனுப்பி டிரேவர் அண்ணா வந்தார். அடக்கம் முடிந்ததும் எங்கள் வாசலில் நின்றார்.

“அன்னிக்கு மம்மி நெஜமாவே அப்படிச் சொன்னாங்களா?”

“இல்லண்ணா. நான்தான் சொன்னேன்.”

அவர் காரணத்துக்காகக் காத்திருந்தார். உங்களிடம் சொன்னதைப் போலவே, ஒரே நேரம், ஒரே இடம், மிஸ் சொன்ன வழி எல்லாவற்றையும் அவரிடமும் பொறுமையாகச் சொன்னேன். அவசரப்பட்டால் புரியாது. பிறகு நோட்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அம்மா பேசியது ஒரு வார்த்தை விடாமல் இதில் இருக்கிறது, நான் இல்லையென்றால் எல்லாம் காற்றோடு போயிருக்கும் என்றேன்.

அவர் தொடவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

“கடைசிப் பகுதி மட்டும் இன்னும் சரியா வரலண்ணா. படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன்.

அவர் படியிறங்கிப் போனார்.