இன்னும் மூன்று அங்குலம்

“ஹலோ... ஆமாங்க, கந்தப்பன்தாங்க... ஆமா, அட்டன்லதான். முனாப் நானா கராஜ்ல... ஜீப்பா? ஜீப்பு கட்டை மேல நிக்கிது... கட்டைங்க, மரக்கட்டை. பின்பக்கத்து ஸ்பிரிங் ரெண்டையும் கழட்டியாச்சு... ஆமாங்க, கழட்டிட்டேன்... யாரைக் கேட்டா? உங்களைத்தான் கேட்டேன், போன வாரம் ஆள் விட்டு. நீங்க முடியாதுன்னீங்க. அதான் இந்தத் தடவை கேக்காம வந்துட்டேன்.”

ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டான் கந்தப்பன். அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி. துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் எல்லாம் தானே என்று நினைப்பவர். கந்தப்பன் அந்தத் தோட்டத்து ஜீப் டிரைவர். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்து ஜீப்பை ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து அதை ஓட்டுகிறவன் அவன்தான். ஐப்பசி மாதத்திலிருந்து இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இப்போது மார்கழி. முகம் தெரியாத போனில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பேசுவதற்குத் தோது கிடைத்திருந்தது.

“கத்தாதீங்க ஐயா, கேக்குது... ஆமா... ஆமாங்க... உடனே கொண்டாறதா? எதுல கொண்டாறது, தலையில தூக்கிக்கிட்டா? ... சாயங்காலம் நாலு மணியாகும். ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூட வைக்கிறோம்... கூடத்தாங்க. போன வருசம் ஒரு பட்டை வச்சோமே, அது பத்தலை. இப்ப ரெண்டு வச்சா மூணு அங்குலம் ஏறும்... பன்னெண்டுக்குள்ளயா? அப்படி என்ன அவசரம்? ... இருங்க, நானே சொல்றேன். துரை கிளப்புக்குப் போகணும்... இல்லையா? ... துரை தோட்டத்துலயே இல்லையா? கொழும்புக்கா... சரிதான். அப்ப ஜீப்பு கேக்குறது துரை இல்ல. நீங்க.”

ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்திருந்த முனாப் நானா சுத்தியலை நிறுத்தி எட்டிப் பார்த்தார். கந்தப்பன் கையை ஆட்டி, நீங்க அடிங்க என்று சாடை காட்டினான். ஒரு சந்தேகம் மனதில் விழுந்துவிட்டால் அதை ஊதிப் பெரிதாக்காமல் விடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. இப்போது விழுந்த சந்தேகம் கிளாக்கரின் மனைவியைப் பற்றியது.

“தெரியுங்க, தெரியுங்க. வீட்டம்மா ரயில்ல வாராங்க, டேசன்ல இருந்து ஏத்திட்டு வரணும்... வரலையா? போன மாசம் வரலையா? மூணு பெட்டி, ஒரு பலாப்பழம். நான்தான தூக்கி வச்சேன்... சரி, அம்மா வரலைன்னே இருக்கட்டும்... லொறியா? லொறி தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டுப் போயிருச்சு, அது எனக்கும் தெரியும். அதுக்கு நான் என்ன பண்றது... என்ன மேல? மேல டிவிஷன்ல என்ன... ஐயா, நான் பேசி முடிச்சிர்றேன். மேல டிவிஷனப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க. வருசம் பூரா நீங்கதான பேசுனீங்க. இன்னைக்கி நான் பேசுறேன்.”

மேல் டிவிஷன் என்பது மலை உச்சியில் தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்று லயங்கள். அங்கே பறிக்கிற கொழுந்து சாக்கு மூட்டையில் கட்டப்பட்டுக் கம்பியில் தொங்கியபடி நாலே நிமிடத்தில் கீழே தேயிலை ஸ்டோருக்கு வந்துவிடும். மனிதர்களுக்குக் கம்பி இல்லை, ரோடுதான். அந்த ரோட்டில் மூன்றாவது வளைவுக்கு நட்டநடுவே, பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு பாறை முதுகை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் பள்ளம். ஒதுங்கிப் போக வழியில்லை. ஜீப்பின் பின்வயிற்றில் இருக்கும் இரும்பு உருண்டை அந்தப் பாறையில் உட்கார்ந்தால், சக்கரம் சும்மா சுற்றும்.

“ஐப்பசியில புள்ளவலியோட ஏத்திட்டு வந்த ராக்காயிய மறந்துட்டீங்களா? ... மறக்கலையா, நல்லது. நானும் மறக்கல. அந்தப் பாறையில மாட்டிக்கிட்டு ஒன்றரை மணி நேரங்க. கொட்டுற மழையில, என் முதுகுக்குப் பின்னால படுத்துக்கிட்டு, அண்ணே போயிருவமா, அண்ணே போயிருவமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கயித்தக் கட்டி ஜீப்ப இழுத்துக் கீழ எறக்கினப்ப அவ கேக்குறது நின்னு போயிருந்துச்சு... விதியா? என்னங்க விதி. பாறைங்க அது. நாலு ஆளு குடுங்க, அலவாங்கு குடுங்க, கொஞ்சம் வெடிமருந்து குடுங்க, ஒரே நாள்ல உடைச்சிர்றோம்னு உங்க மேசைக்கு முன்னால நின்னு கேட்டேனா இல்லையா? என்ன சொன்னீங்க? அந்த ரோட்டுல கொழுந்து வருதான்னு கேட்டீங்க... சொன்னீங்க. கொழுந்து வராத ரோட்டுக்குப் பேர் போட முடியாதுன்னீங்க. நாலு பேர்... நாலே நாலு பேர் போட உங்க பேனாவுல மை இல்ல.”

பேர் என்றால் ஒரு நாள் கூலி. செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் கூலி விழும். அந்தப் பேனா கணேசமூர்த்தியின் கையில் இருந்தது. துரையின் உத்தரவு இல்லாமல் அவர் ஒரு பேர்கூடப் போடமாட்டார் என்பது தோட்டத்துக்கே தெரியும். நியாயமாகப் பார்த்தால் கோபம் துரை மேல் வரவேண்டும். ஆனால் துரை மேல் கோபப்பட்டு என்ன செய்ய? பாறையை இறக்க முடியாவிட்டால் ஜீப்பின் உயரத்தை ஏற்றுவது என்று கந்தப்பன் முடிவு கட்டியது அப்படித்தான்.

“என்னது? ... கவுந்துருமா? ... யாரு சொன்னா? ... உங்களுக்கு ஸ்பிரிங்கப் பத்தி என்னங்க தெரியும்.”

குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. காலையில் முனாப் நானாவும் இதையேதான் சொன்னார். ஜீப் உயர உயர வளைவில் உடம்பை ஆட்டும், பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் நிமிராது, ஒரு பட்டையோடு நிறுத்திக்கொள் என்றார். ஒரு பட்டை கூட வைத்தால் பாறையில் உரசும். இரண்டு வைத்தால் தாண்டும், ஆனால் ஆடும். இரண்டு இரவு தூங்காமல் யோசித்தும் கந்தப்பனுக்குத் தெளிவு வரவில்லை. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தைக் கிளாக்கரிடம் காட்டுவதைவிடப் பள்ளத்தில் விழுவது மேல் என்று அவனுக்குப் பட்டது.

“மெதுவா ஓட்டுவேன்... துரை ஓட்டுனாலா? அது துரை பாடு... ஆமா, சொன்னேன். எழுதிக்கங்க. அவரு வந்தா காட்டுங்க... ஓ, வேலைய விட்டுத் தூக்குவீங்களா? தூக்குங்க... லயத்தக் காலி பண்ணணுமா? பண்ணிர்றேன். ரெண்டு பானை, ஒரு பொட்டி, காலி பண்ண எனக்கு எம்புட்டு நேரமாகும்... நீங்க என்ன, என்னப் பேசவே விடாம கந்தப்பா கந்தப்பான்னுக்கிட்டு... எம்பேரு எனக்குத் தெரியுங்க.”

முனாப் நானா ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். போனைக் கேள் என்பதுபோல் காதைத் தொட்டுக் காட்டினார். கந்தப்பன் அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னும் ஒண்ணு கேட்டுக்கங்க. நான் ஒண்ணும் தான்தோன்றியா ஜீப்ப எடுத்துக்கிட்டு வரல. நாள் பார்த்துத்தான் வந்தேன். மருத்துவச்சி பேச்சியம்மாகிட்டப் போயி, மேல யாரு யாருக்கு எப்ப எப்பன்னு கேட்டேன். இப்போதைக்கி யாருக்கும் இல்ல, பழனியாண்டி பொஞ்சாதி வீரம்மாவுக்கு மட்டும் தை கடைசியிலன்னா. அதுக்குள்ள முடிச்சிரணும்னுதான் இன்னைக்கி... ஆமா, வீரம்மாதான்... ஆமாங்க, அந்த வீரம்மாதான், கடைசி லயம்... என்ன?”

“... என்ன சொன்னீங்க?”

“தைன்னுதான பேச்சியம்மா சொன்னா... இன்னும் மாசம் இருக்கேங்க... எப்ப? காலையிலயா... பெரட்டுல, பேர் குடுக்க நின்ன எடத்துலயா... ஐயோ, ஆமாங்க... ஆமாங்க... தண்ணி ஒடைஞ்சிருச்சா... இதை ஏங்க மொதல்லயே...”

கேள்வியை அவன் முடிக்கவில்லை. பதில் அவனுக்கே தெரிந்திருந்தது. அவர் எத்தனை தடவை வாயைத் திறந்தார், இவன் எத்தனை தடவை அடைத்தான். அவர் பேரிலும் குற்றம் இருந்தது. போனை எடுத்ததும் விஷயத்தைச் சொல்லாமல் யாரைக் கேட்டுக் கழட்டினாய் என்று அதிகாரத்தில் ஆரம்பித்தவர் அவர்தான். ஆனால் அந்தச் சமாதானம் கந்தப்பனுக்குப் போதவில்லை.

“ஐயா, ஒரு நிமிசம் லைன்ல இருங்க... நானா, பழசையே பூட்டுங்க. ஆமா, பழைய பட்டையத்தான். எம்புட்டு நேரமாகும்? ... அரை மணியா? புதுசு வேணாம், நாலு மணி வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது, பூட்டுங்க... ஐயா, ஹலோ, இருக்கீங்களா? ... அரை மணியில கெளம்பிருவேன். எட்டு மைலு. ஒரு மணி நேரத்துக்குள்ள தோட்டத்துல இருப்பேன். ஆனா கேளுங்க, பழைய பட்டையில பாறையத் தாண்டாது. திரும்பவும் என்னால அதுமேல ஏத்த முடியாது, சாமி சத்தியமா முடியாது. நான் பாறைக்குக் கீழ வந்து நிக்கிறேன். அவளத்தான் தூக்கிட்டு வரணும்.”

“நீங்க ஆளு விடணுங்க. மலையில தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருக்காங்கள்ல, அதுல எட்டு ஆம்பளைய எடுங்க. ரெண்டு கம்பு வெட்டி, படங்குச் சாக்கு நாலஞ்ச ஒண்ணாச் சேர்த்துக் கட்டி, அதுல படுக்க வச்சு... வேலைய விட்டு வந்தாங்கன்னு அவங்களுக்குப் பேர் வெட்டிராதீங்க. துரை வந்து கேட்டா என் சம்பளத்துல புடிச்சிக்கங்க, எட்டுப் பேரையும்... என்ன? ... சொல்லுங்க... இல்லீங்க. இல்லீங்க ஐயா, நான் குறுக்க பேசல. நீங்க சொல்லுங்க.”

முதல் தடவையாக ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தான். முனாப் நானா ஒரு பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் பொருத்திவிட்டு, அடுத்ததுக்கு நகர்ந்தார். வெளியே பண்டாரவளை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. கந்தப்பன் மற்றக் காதைப் பொத்திக்கொண்டான். எண்ணெய்க் கை கன்னத்தில் கறுப்பாக ஒட்டியது.

“ஆமாங்க... ஆமாங்க... எட்டுப் பேரா... ஏற்கனவேயா... யாரு சொல்லி விட்டாங்க? ... நீங்களா? ... துரையக் கேக்காமயா... முழுப் பேரா... ஆமாங்க... செக்ரோல்ல எழுதியே வச்சிட்டீங்களா...”

“பேச்சியம்மா கூட இருக்காளா? ... மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயாவுமா... ஆமாங்க... ஜீப்பு ஏறாதுன்னு தெரிஞ்சுதான் தூக்கச் சொன்னீங்களா... எங்க வரைக்கும் கொண்டாந்துட்டாங்க? ... பாறையத் தாண்டியா? ... கீழ எறக்கி ரோட்டோரத்துல வச்சிருக்காங்களா... மழைங்களா அங்க? ... ம்... படங்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்களா.”

“எப்ப இருந்துங்க? ... எனக்குப் போன் போடுறதுக்கு முன்னாடியேவா? ... அப்ப, நான் பேசுன அம்புட்டு நேரமும் அவ அந்த ரோட்டுல...”

“... சரிங்க.”

“சரிங்க ஐயா. வச்சிர்றேன்.”