ஆஸ்பத்திரிச் சந்தில் பூட்டிய வண்டி

— பையைக் கீழ வெச்சிட்டுப் பேசுங்கண்ணா. எவ்ளோ நேரம் மாருல அணைச்சிக்கினே நிப்பீங்க.

— பை இருக்கட்டும்மா. நீ மொதல்ல வண்டியைத் தொற.

— அதான் சொல்லிக்கினு இருக்கேன், சாவி எங்கிட்ட இல்ல. பூட்டறதுக்கு சாவி வேணாம், அமுக்கினா பூட்டிக்கும். தொறக்கத்தான் சாவி. அது எங்க சூப்பர்வைசர் கிட்ட கீது.

— பூட்டறது நீ, தொறக்கறது வேற ஆளா. இது இன்னா ஞாயம்?

— எங்கிட்ட குடுத்தா பாவம் பாத்து தொறந்து வுட்டுடுவேனாம்.

— வுடுவியா?

— நேத்து வரிக்கும் வுட்டுக்கினுதான் இருந்தேன். நேத்து வரிக்கும் சாவியும் எங்கிட்டதான் இருந்துச்சி.

— நான் போனது எதிர்ல துணிக்கடைக்கும்மா. அஞ்சு நிமிஷம் கூட ஆவல. அதுக்குள்ள சங்கிலி போட்டு கரண்டு கம்பத்தோட சேத்துப் பூட்டிட்ட.

— நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா உங்க வண்டி நிக்குது. போர்டு பாக்கலையா? ஆஸ்பத்திரிக்குப் போற வழி, வண்டி நிறுத்தக் கூடாதுன்னு இவ்ளோ பெருசா போட்டுக்கீது.

— படிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு தியாகதுருகத்துல போயி கரும்பு வெட்டறேன்.

— பழைய மார்க்கெட்டு பின்னால எடம் போட்டிருக்காங்கண்ணா. சீட்டு வாங்கிக்கினா வண்டி பத்திரமா நெழல்ல நிக்கும். ஆனா எவனும் வர மாட்டன்றான். அவ்ளோ தூரம் நடக்கணுமாம். கடை வாசல்லயே நிறுத்தணும், கடைக்குள்ளயே ஓட்டிக்கினு போவ வுட்டாலும் போவாங்க.

— ரோட்டுல நிறுத்த காசு வாங்கற ஊரை இப்பதான் பாக்கறேன். எங்க மலையில வண்டியை எங்க வேணா நிறுத்துவோம். சாவியைக் கூட எடுக்க மாட்டோம், அப்படியே வுட்டுட்டுப் போவோம். எவனுக்கு அவசரமோ அவன் எடுத்துக்கினு போவான். வேலை முடிஞ்சா கொண்டாந்து வுடுவான்.

— உங்க மலையில எத்தன வண்டி ஓடுது? பொழுது விடிஞ்சா இந்த சந்துல வந்து நின்னு பாருங்க. காசு வாங்கறோம்னு கடைக்காரங்க திட்றாங்க. வாங்கலேன்னா ஆபீஸுல திட்றாங்க. வெயில்ல நின்னுக்கினு ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கறது நானு.

— சரி, பைன் போடு. கட்டறேன்.

— பைன் கட்டினா மட்டும் சங்கிலி தொறந்துக்குமா?

— அப்ப வண்டியைத் தூக்கிக்கினு போறேன். சிரிக்காத. ஒத்த ஆளா தூக்குவேன். லாரியில கரும்புக் கட்டு ஏத்தற கை இது.

— தூக்குவீங்க, கம்பத்தையும் புடுங்கிக்கினு போவீங்களா? அதுவும் ஒரு கையில பையை வெச்சிக்கினு. குடுங்க, பையை நான் வெச்சிக்கினு இருக்கேன்.

— தொடாதம்மா.

— இன்னாண்ணா, நான் இன்னா எடுத்துக்கினா ஓடிடப் போறேன்?

— அதுக்கில்ல. இது கோடித்துணி.

— யாருக்கு?

— எங்க அக்காவுக்கு.

— உங்க அக்காவுக்கா.

— இன்னா அப்படிப் பாக்கற?

— கோவிச்சிக்காதீங்கண்ணா. காலையிலேர்ந்து நீங்க மூணாவது ஆளு. ஒருத்தன் மாமியார் செத்துட்டாங்க, மாலை வாங்கணும், இங்க நிறுத்திக்கறேன்னான். அவன் பின்னாடியே அந்த மாமியாரு கறிவேப்பிலை வாங்கிக்கினு வருது, ஏன் மாப்ள நிக்கறீங்கன்னு.

— பை வாயைத் தொறந்து காட்டறேன், கை வெக்காம பாரு. மஞ்ச இருக்குதா, குங்குமம் இருக்குதா. சேலை இருக்குதா.

— மாம்பழக் கலரு.

— அவளுக்கு அந்தக் கலருன்னா உசுரு. உசுரோட இருக்கறப்ப ஒண்ணு கூட எடுத்துக் குடுத்ததில்ல. தீவாளிக்கு எடுக்கறேன், பொங்கலுக்கு எடுக்கறேன்னு சொல்லிக்கினே இருந்துட்டேன்.

— மன்னிச்சிக்குங்கண்ணா. நெசமாவே தெரியல.

— எங்க பக்கம் அம்மா வூட்டுக் கோடி போத்தாம பொம்பளையைத் தூக்க மாட்டாங்க. அம்மா வூடுன்னா இப்ப நான் ஒருத்தன்தான். கடையில வாங்கனதுலேர்ந்து அவ மேல போத்தற வரிக்கும் கீழ வெக்கக் கூடாது. கை மாத்தவும் கூடாது.

— எப்ப எடுக்கறாங்க?

— பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும். அங்க எல்லாம் வாசல்ல உக்காந்துக்கினு என்னைத்தான் பாத்துக்கினு இருப்பாங்க. கூலிக் காசு கைக்கு வர்றதுக்கே மத்தியானமாயிடுச்சி. கரியாலூர் தாண்டி இன்னும் உள்ள போவணும். வெயிலு எறங்குது பாரு.

— பஸ்ஸு இல்லையா?

— இப்பதான் ஒண்ணு போச்சி, நான் உங்கிட்ட மல்லுக்கு நின்னுக்கினு இருக்கறப்ப. அடுத்தது இருட்டனப்புறம்தான். அவனும் கரியாலூர்ல எறக்கி வுட்டுடுவான். அதுக்கு மேல மண்ணு ரோடு.

— ஆட்டோ?

— கேட்டேன். மலைன்னா வர மாட்டேன்னு தலையாட்றான்.

— இருங்க. போன் போடறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. சார், நிர்மலா பேசறேன்.

— சொல்லும்மா நிர்மலா. வசூல் எப்படி?

— அது கீது சார். ஒரு பைக்கு பூட்டிட்டேன். அண்ணனுக்கு சாவு காரியம் சார், மலைக்குப் போவணும். நீங்க சாவி எடுத்துக்கினு வந்தா...

— எல்லாரும் சாவுதாம்மா சொல்றான். புரியுதா இல்லியா.

— கோடித்துணியை என் கண்ணால பாத்தேன் சார்.

— பாத்த சரி. நான் சங்கராபுரத்துல கீறேனே. கான்ட்ராக்ட்டர் மீட்டிங் வெச்சிருக்காரு. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

— அய்யா, நான்தாங்க வண்டிக்காரன் பேசறேன். சித்த மனசு வெய்யிங்க.

— உங்க கஷ்டம் புரியுதுங்க. நேத்து நடந்ததுக்கு அப்புறம் ஒருத்தனுக்கும் எளக்கம் காட்டக் கூடாதுன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. நானும் சம்பளத்துக்கு வேலை செய்யறவன்தான். நான் யார் கிட்ட போயி சொல்லுவேன்?

— பூட்டை ஒடைச்சிக்கினு போவட்டுங்களா? இன்னா ஆவுதோ அப்புறமா வந்து கட்டறேன்.

— ஒடைங்க, யார் வேணாங்கறா. ஒடைச்சா அந்தம்மாவை நாளைக்கு வேலைக்கு வர வேணாம்னுடுவாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது, புரியுதா இல்லியா. வெக்கறேன், கூப்புடறாங்க.

— அண்ணா, அந்தக் கல்லை எடுங்க. நான் அப்படித் திரும்பிக்கறேன். யாரோ ஒடைச்சிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்.

— உங்க வூட்டுல யாரு சம்பாதிக்கறாங்க?

— நான்தான். ரெண்டும் பொட்டப் புள்ளைங்க, பள்ளிக்கூடம் போவுது. அவுரு வுட்டுட்டுப் போயி நாளாச்சி.

— அப்ப வேணாம்.

— எடுங்கண்ணா.

— வேணாம்மா. எங்க அக்காவுக்குப் போத்தற துணிக்கு உன் சோத்துல கை வெக்கறதா. வண்டி நிக்கட்டும். அந்த ஆளு வரட்டும். வேற இன்னா பண்றது.

— வூட்டுக்குப் போன் பண்ணி சொல்லிட்டீங்களா?

— அங்க டவர் கெடைக்காது. மேட்டு மேல ஏறி நின்னாதான் பேசலாம். ராத்திரி கூட எவனோ மேட்டுக்கு வந்துதான் பேசனான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிடுச்சி, கோடி எடுத்துக்கினு வான்னான். அதோட கட்டாயிடுச்சி. மலை எறங்கறதுக்குள்ளயே போயிட்டா போல. அந்த ரோடு அப்படி.

— உக்காருங்க. இந்தக் கடைப் படியில உக்காருங்க, பை மடியிலயே இருக்கட்டும்.

— அது கெடக்கட்டும், நேத்து இன்னா நடந்துச்சி? எல்லாரும் நேத்து நேத்துன்றீங்க.

— வுடுங்கண்ணா. நீங்க இருக்கற நெலமையில அது எதுக்கு.

— சொல்லும்மா. சும்மா நின்னுக்கினு இருந்தா எனக்கு மண்டை வெடிக்குது.

— நேத்து சாயங்காலம் ஒருத்தன் வந்தான். உங்களை மாதிரியேதான், அஞ்சு நிமிஷம்க்கா, மருந்து வாங்கிக்கினு ஓடியாந்துர்றேன்னான். மூஞ்சைப் பாத்தா பாவமா இருந்துச்சி, வுட்டுட்டேன். அவன் நிறுத்தனதைப் பாத்து இன்னொருத்தன். அப்புறம் கேக்கவே இல்ல, வரிசையா கொண்டாந்து நிறுத்திட்டானுங்க. அந்த நேரம் பாத்து மலையிலேர்ந்து ஒரு வேன் வந்துச்சி.

— மலையிலேர்ந்தா?

— ஆமா. உள்ள ஒரு அம்மா, நெஞ்சு வலின்னு. சந்துல பாதி தூரம் வந்து மாட்டிக்கிச்சி. முன்னாலயும் போவ முடியல, பின்னால ஆட்டோவுங்க. வண்டி எல்லாம் லாக் போட்டுக்கீது. நானும் டிரைவரும் இழுத்து இழுத்துப் பாத்தோம், அசையல. தா தெரியுது பாருங்க ஆஸ்பத்திரி கேட்டு, அவ்ளோதான் தூரம். சுத்தி நின்ன ஜனம் போன்ல படம் புடிச்சிக்கினு இருந்துச்சி. ஒருத்தன் கை குடுக்கல.

— வேன் இன்னா கலரு?

— நீலம். முன்னால கண்ணாடியில கரியராமர் துணைன்னு எழுதியிருந்துச்சி.

— கரியராமர் துணை.

— அதான் இன்னிக்குப் பாருங்க, சந்து எப்படித் தொடைச்சி வுட்ட மாதிரி கீது. உங்க வண்டி ஒண்ணைத் தவிர ஒரு வண்டி கெடையாது. நேத்து இப்படி இருந்திருந்தா அந்தம்மா பொழைச்சிருக்கும். நான் ஒருத்தனுக்குப் பாவம் பாத்தேன், அது போயி சேந்துடுச்சி. ராத்திரி பூரா தூங்கல. அதான் உங்க வண்டியைப் பாத்ததும் யாரு, இன்னான்னு கூட கேக்காம பூட்டிட்டேன்.

— அந்தம்மா எதுனா பேசிச்சா?

— ஜன்னல் வழியா என் கையைப் புடிச்சிக்கிச்சி. வலியிலயும் சிரிச்ச மொகம். அழுவாத பாப்பா, எந்தம்பி வந்தான்னா இந்த வண்டிங்களை ஒத்த ஆளா தூக்கி ஓரமா வெச்சிடுவான், அவனைக் கூப்புடுன்னுச்சி. நான் யாருன்னு கூப்புடறது? அப்புறம் அதுவே கூப்புட்டுச்சி. முனியா, டேய் முனியான்னு. ரெண்டு தடவை. மூணாவது தடவை வாய் தொறந்துச்சி, சத்தம் வரல. அண்ணா, இன்னாண்ணா? ஏன் எழுந்துட்டீங்க?

— இந்தா, பையைப் புடி.

— கை மாத்தக் கூடாதுன்னீங்களே.

— அவ புடிச்ச கைதானம்மா அது. புடி. கீழ மட்டும் வெச்சிடாத.

— எங்கண்ணா போறீங்க? வண்டி பூட்டிக்கினு இருக்குது.

— என் வண்டி கெடக்கட்டும். நான்தான் முனியன். நேத்து எந்த எந்த வண்டி நின்னுச்சின்னு காட்டும்மா, தூக்கி ஓரமா வெக்கறேன்.