சிரிப்பு நீக்கிய பிரதி

ஞாயிறு நிகழ்ச்சிக்கான துண்டறிக்கையை நான் செவ்வாய்க்கிழமையே எழுதி முடித்துவிடுவேன். கடைசி நேரத்தில் எழுதினால் எழுத்துப்பிழை வரும். இரண்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் நான் எழுதிய தாள்களை எடுத்துப் பாருங்கள், ஒரு கொம்பு, ஒரு புள்ளி தவறியிருக்காது.

ரொறன்ரோ குயின் வீதியில் படி இறங்கிப் போனால் பேர்ப்பிள் ஹெரன் என்ற இரவு விடுதி. புதன் அங்கே நகைச்சுவை, வெள்ளி கபரே, சனி நேரடி இசை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கிலிருந்து எட்டு மணி வரை மட்டும் அது தமிழருடையது. 1994 இல் செல்வரட்ணம் அண்ணை அந்த நேரத்தை வாடகைக்கு எடுத்தார். நகரின் கிழக்கே ரூஜ் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர். வீடு பார்க்க வந்த சனம் நிலக்கீழ் அறையில் பாடி ஆடிவிட்டுப் போவதைப் பார்த்து, எங்கள் கலைகளுக்கு ஒரு மேடை இல்லையே என்று கவலைப்பட்டவர். கம்பளத்தில் சிந்திய கறியும் அந்தக் கவலையில் அடக்கம்.

நான்கு மணிக்கு முன் சில ஆயத்தங்கள் உண்டு. சுவரில் இறகு செருகிய கபரே பெண்ணின் ஆளுயரப் படம் இருந்தது. அண்ணையின் மனைவி இராஜேஸ்வரி அன்ரி ஒரு சேலையை ஊசி குத்தி அதை மறைப்பார். மறைத்த பிறகு எல்லோரும் அந்தப் பக்கமே பார்ப்பார்கள். விஸ்கிப் போத்தல்களுக்கு முன்னால், உயரமான பார் ஸ்டூலில், நிறைகுடம். குத்துவிளக்கை ஏற்றினால் புகை அலாரம் அடிக்கும். ஆகவே ஒருவர் கதிரையில் ஏறிக் கடதாசித் தட்டால் விசுக்கிக்கொண்டு நிற்க, பிரமுகர்கள் ஒவ்வொருவராகத் திரி கொளுத்துவார்கள். அதன்பின் சனம் தின்பதற்கு றோல்ஸ் பெட்டிகளைத் திறக்கும்.

இதையெல்லாம் ஒரு தாளில் கலையாக்குவது என் வேலை. மன்னார்க்காரி கிளடிஸ் மினுங்கும் கவுன் போட்டு, பைலா பாடியபடி மேசைகளுக்கு நடுவே நடந்து வருவார். விடுதிக்காரர் அதைக் கபரே என்றார். அந்தச் சொல்லைப் போட்டால் குடும்பங்கள் வராது. போடாவிட்டால் இளந்தாரிகள் வரமாட்டார்கள். நான் 'மேலைத்தேய உலா இசை' என்று எழுதினேன். இரண்டு பகுதியும் வந்தது. யேசுரட்ணத்தின் இசைக்குழு என்பது யேசுரட்ணமும் ஒரு கீபோட்டும். அதைப் 'பல்லியம்' என்று போட்டேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

நடுவில் இருபது நிமிடம் என்னுடையது. அப்போது ஒரு நோர்வே நாவலை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரன் ஒருவன் பனிக்காட்டில் வழிதப்பி, நாற்பது பக்கங்களில் மெல்ல இறந்துபோகும் அத்தியாயத்தை வாரம் ஐந்து பக்கமாக வாசித்தேன். நான்காம் வாரம் இராஜேஸ்வரி அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உந்தத் தபால்காரன் இன்னும் சாகேல்லையோ தம்பி?" என்று அக்கறையோடு விசாரித்தார். ஒரு பாத்திரம் வாசகர் மனதில் அப்படி இறங்கவேண்டும்.

பிறகு சீமோன் வந்தான். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான், என்னைவிட ஒரு வயது கூடியவன், டோனட் கடையில் மா குழைப்பவன். பகிடி விடுவான் என்று யாரோ சொல்ல, அண்ணை பத்து நிமிடம் கொடுத்தார். அவன் ஒரு மேசைவிரிப்பைப் போர்த்துக்கொண்டு பார் பக்கமிருந்து மேடைக்கு மிக மெதுவாக நடந்தான். ஒரு சொல்லும் பேசவில்லை. மேடையில் ஏறி ஒரு தாளை விரித்து, என் குரலில், "அவன் இன்னும் நடந்துகொண்டிருந்தான்" என்றான். தாளைத் திருப்பினான். "இன்னும் நடந்துகொண்டிருந்தான்" என்றான். யேசுரட்ணம் சிரிப்புத் தாங்காமல் கீபோட்டின் மேல் முகத்தைக் கவிழ்க்க, எல்லாச் சுரமும் ஒன்றாகக் கத்தியது.

நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பலர் பார்த்தார்கள், கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செல்வரட்ணம் அண்ணை தொலைபேசியில் எடுத்தார். "தம்பி, குறை நினையாதையும். உம்மடை இருபது நிமிசத்தைச் சீமோனிட்டைக் குடுப்பம். வாற ஞாயிறு நோட்டீசிலை வடிவாப் போட்டுவிடும்" என்றார். வடிவாகப் போட்டேன். 'வரும் ஞாயிறு: சீமோன் வழங்கும் என்ரை கேஸ்.' அந்தத் தாளிலும் பிழை இல்லை.

கேஸ் என்றால் அகதிக் கோரிக்கை. அந்த ஆண்டுகளில் எங்கள் சனத்தில், இங்கே பிறந்த குழந்தைகளைத் தவிர, கேஸ் இல்லாத ஆள் குறைவு. பார்லிமென்ற் வீதியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். வருபவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிப் படிவத்தோடு இணைக்கவேண்டும். சீமோனின் கோப்பும் என் அலுமாரியில்தான் இருந்தது. முந்தைய இலையுதிர் காலத்தில் வந்து, சட்டையைக் கழற்றி மார்பையும் முதுகையும் காட்டினான். வைத்தியர் ஒவ்வொரு தழும்பையும் அளந்து எழுதிய கடிதத்தை நானே பிரதி எடுத்துக் கோப்பில் வைத்தேன். சொன்ன கதையோ மிகச் சிறியது. பிடித்தார்கள், கட்டினார்கள், கம்பி, பதினொரு நாள். இலக்கியம் படித்தவன் என்ற முறையில், யன்னலுக்கு வெளியே மழை பெய்ததாக ஒரு வரி சேர்க்கலாம் என்று சொன்னேன்.

"மழை பெய்யேல்லை, ஐசே. நடந்ததை மட்டும் எழுதும்" என்றான்.

நடந்ததை மட்டும் எழுதினேன். ஆகவே அந்தத் தழும்புகள் எப்படி வந்தன என்று ரொறன்ரோவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் சீமோன் மட்டும்தான். இதை நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிறு அவன் ஒரு வெறுங்கதிரையை விசாரணை அதிகாரியாக வைத்து, அதன் முன் கைகட்டி நின்றான். "ஐயா, ஆமி அடிச்சது எண்டு சொல்லச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லிவிட்டவை. உண்மையை உங்களுக்கு மட்டும் சொல்லுறன். கள்ளுக் களவெடுக்கப் பனையிலை ஏறினனான். முட்டிக்குள்ளை குளவி. இறங்கின வேகத்திலை நெஞ்சு முழுக்கப் பனை கீறிப்போட்டுது." கதிரை எதையோ கேட்பதுபோல் குனிந்து காது கொடுத்தான். "முதுகோ, ஐயா? அது பனைச் சொந்தக்காரன்ரை பெண்சாதி."

மண்டபம் உருண்டது. கேஸ் இரண்டு முறை மறுக்கப்பட்ட அமிர்தநாதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தவர், சிரிப்பு அடங்கிய பிறகும் நெடுநேரம் அதை எடுக்கவில்லை. பனைக்கதையை நம்பிய ஒருவர்கூட அங்கே இல்லை. நம்பாததால்தான் சிரித்தார்கள். அது எனக்கும் விளங்கியது, நான் மந்தன் அல்ல.

ஞாயிறு நிகழ்ச்சிகளை அண்ணை கசெற்றில் பதிந்து தமிழ்க்கடைகளில் வைப்பார். நான் ஒன்று வாங்கிவந்து மூன்று நாள் வேலையால் வந்ததும் காதில் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பில் எனக்குச் சில கொள்கைகள் உண்டு. அடிக்குறிப்பு போடுவதில்லை. நல்ல நாவலில் ஆழ்ந்திருப்பவனைத் தோளில் தட்டி, இது இன்ன நாட்டு வழக்கம் என்று சொல்வது அநாகரிகம். பேசுபவரின் சொல்லைத்தான் மொழிபெயர்க்கவேண்டும், சபையின் சத்தம் அவருடைய சொல் அல்ல. ஆகவே 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எங்கும் போடவில்லை. இரவு விடுதி, நிறைகுடம், வெறுங்கதிரை ஆகியவையும் அவன் வாயிலிருந்து வந்தவை அல்ல. எஞ்சியது, ஒரு மனிதன் ஓர் அதிகாரியிடம் தன் தழும்புகளைப் பற்றித் தெளிவாக, மரியாதையாகச் சொல்லும் ஒன்றரைப் பக்கம். என் கையிலிருந்து வந்த மிகச் சிறந்த ஒன்றரைப் பக்கம் அது என்று இன்றும் நினைக்கிறேன்.

அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் சபைக்கு அதை அனுப்பும்போது ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புவதுதான் நேர்மை என்று பட்டது. இரண்டு கசெற் பிளேயர்களை வைத்து, சனம் சிரிக்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பிரதி எடுத்தேன். குளவி வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டுப்பட்டுக் கேட்கும். அந்தக் குறையை ஒத்துக்கொள்கிறேன். உறையில் பெயர் போடவில்லை. மொழிபெயர்ப்பாளரின் பெயரை யார் பார்க்கிறார்கள்.

விசாரணை நாளில் கோப்புப் பெட்டி தூக்க அலுவலகம் என்னையே அனுப்பியது. நான் வெளியே நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்துச் சீமோன் வந்து பக்கத்தில் இருந்தான்.

"ஆரோ ஒருத்தன் எழுதிப்போட்டிருக்கிறான், ஐசே. பனைக்கதையை" என்றான். "நல்ல இங்கிலீசு. நானே நம்பியிருப்பன்."

மிச்சத்தை அவன் அடுக்கடுக்காகச் சொன்னான். பகிடிக்குச் சொன்னது என்றானாம். பகிடி எந்த இடத்தில் என்று கேட்டார்களாம். அவன் எழும்பி நின்று நடித்துக் காட்டினானாம். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்த, பக்கத்தில் இருந்த அரச மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி ஆங்கிலத்தில் சொன்னாராம். குளவிக்கு அவருக்குச் சொல் வரவில்லையாம். பனைச் சொந்தக்காரனின் மனைவி வந்தபோது, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று விசாரித்த அதிகாரி பேனையை எடுத்தாராம்.

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்துக்குள் மா இருந்தது.

"திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் எயர்போட்டிலையே என்னைத் தூக்குவாங்கள். நீர் எழுதின ஃபைல்தானே, உமக்குத் தெரியும். முழுக் கசெற்றையும் சனம் சிரிச்சதோடை எழுதித் தாரும். பத்து நாள் தந்திருக்கிறாங்கள்."

"எழுதித் தாறன்" என்றேன்.

சொன்னபடி அன்றைக்கே தொடங்கினேன். யாரும் நான் சோம்பியிருந்ததாகச் சொல்லமுடியாது. ஆனால் சிரிப்பு கடினமான பொருள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பது, இளந்தாரிகள் மேசையைத் தட்டிச் சிரிப்பது, யேசுரட்ணம் மூச்சடைத்துச் சிரிப்பது, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட்டால் அது மொழிபெயர்ப்பா? ஒவ்வொன்றுக்கும் சரியான சொல் தேடினேன். ஒன்பதாம் நாள் அமிர்தநாதரின் சிரிப்புக்கு வந்திருந்தேன். கசெற்றில் அது ஒரு கட்டத்துக்குப் பிறகு சிரிப்பாகக் கேட்கவில்லை. அதற்குச் சொல் கிடைக்காமல் மற்றதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பத்தாம் நாள் சட்டத்தரணி கேட்டபோது, அனுப்பியாகிவிட்டது என்று சொன்னேன். அனுப்பும் எண்ணம் உறுதியாக இருந்ததால் அதைப் பொய் என்று நான் கருதவில்லை. அந்தத் தாள்கள் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. இன்னும் அந்த ஒரு சொல் வரவில்லை.

கேஸ் மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டிலும் புதிதாக எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1996 தையில் அவனை விமானத்தில் ஏற்றினார்கள். அவனுடைய தமக்கை கொழும்பு விமானநிலையத்தில் இரண்டு நாள் நின்றாராம். அந்த விமானத்தில் வந்த மற்றவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். எட்டு மாதமாகிறது. பைலா பாடும் கிளடிஸ் ஒவ்வொரு மனித உரிமை அமைப்புக்கும் கடிதம் எழுதுகிறார். அவற்றை ஆங்கிலத்தில் நான்தான் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன், ஒரு நாளும் தாமதித்ததில்லை.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். டெனிஸ்டன் என்று ஒருவன் இருக்கிறான், விட்பியிலிருந்து காரோட்டி வந்து எங்கள் மேடைக்கு ஒலிவாங்கி பூட்டுபவன். சீமோனோடு ஒருமுறை சண்டை பிடித்தவன். அவன்தான் எழுதிப்போட்டான் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. அவனோடு ஒருவரும் கதைப்பதில்லை. போன கிழமை கிளடிஸ் அவன் காருக்கு முன்னால் நின்று, "அவன் உயிரோடை இருக்கிறானோ எண்டாவது சொல்லன்" என்று கேட்டு அழுதார். அவனும் அழுதான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. டெனிஸ்டனின் ஆங்கிலத்தை நான் பார்த்திருக்கிறேன். இறந்தகாலத்தில் தொடங்கும் வாக்கியத்தை அவனால் இறந்தகாலத்தில் முடிக்க முடியாது. அந்த ஒன்றரைப் பக்கத்தை அவன் எழுதினான் என்று நாலு பேர் நம்புவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அதை எழுதியது நான். கசெற்றை வெட்டியதும், பத்து நாளைக் கடத்தியதும் நான். ஒவ்வொன்றையும் இன்னதென்று தெரிந்தே செய்தேன்.

சீமோன் போன பிறகு நிகழ்ச்சியின் நடுவில் இருபது நிமிடம் வெறுமையாகக் கிடந்தது. அண்ணை நெடுநாள் அதில் யாரையும் போடவில்லை. போன செவ்வாய்க்கிழமை நானே துண்டறிக்கையில் என் பெயரைப் போட்டேன். ஞாயிறு மேடையேறி, தபால்காரனின் அத்தியாயத்தை விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். றோல்ஸ் பெட்டி ஒன்றும் திறக்கவில்லை, குழந்தைகளைக்கூடத் தாய்மார் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லோரும் எனக்குப் பின்னால் கிடந்த வெறுங்கதிரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். முடிந்தபோது கைதட்டலும் இல்லை. நல்ல மொழிபெயர்ப்பைக் கேட்கச் சனம் கடைசியில் பழகிவிட்டது.