தானே கழுவும் மெசின்

சிவகுருநாதன்: ...உள்ளதான் இருக்கிறீங்களா, இல்லாட்டி மெசின் விழுங்கிப்போட்டுதா?

ஸல்ஹா: இருக்கிறன் அண்ணன். கால் வெளிய தெரியல்லயா?

சிவகுருநாதன்: ஒரு கால்தான் தெரியுது.

ஸல்ஹா: மற்றக் கால் உப்பில ஊறுது. ஊறட்டும். கருவாடாப் போனாலும் கெட்டுப் போகாது.

சிவகுருநாதன்: மெல்லச் சுரண்டுங்க தங்கச்சி. வெளிநாட்டுச் சாமான். தேங்காய்ச் சிரட்டை பட்டா அதுக்கு நோகும்.

ஸல்ஹா: எனக்கு முழங்கைத் தோல் உரிஞ்சு கிடக்கு. அதைக் கேக்க ஆளில்ல.

சிவகுருநாதன்: உங்கட முழங்கை உள்ளூர்ச் சாமான்தானே. அதுக்கு ஆர் பெயின்ற் அடிக்கப் போகினம்? ...இந்தத் தகட்டில இங்கிலிசில எழுதியிருக்கிறதைத் தமிழில வாசிக்கட்டே?

ஸல்ஹா: வேணாம். நாலு மாசமா வாசிக்கிறீங்க.

சிவகுருநாதன்: 'மேலே உப்பைப் போடவும். கீழே தண்ணீரைத் திறக்கவும். உப்புத்தண்ணீரைத் தானே ஆக்கும். அடியில் படியும் சேற்றைத் தானே கழுவி வெளியே தள்ளும். மனிதக் கை படத் தேவையில்லை.'

ஸல்ஹா: கை படத் தேவையில்லதான். அதுதான் முழு ஆளையும் உள்ள போட்டிருக்கு.

சிவகுருநாதன்: பழைய சீமெந்துத் தொட்டி இருக்கேக்க என்ன செய்தனீங்க?

ஸல்ஹா: நிண்டுகொண்டு சேறு வழிச்சன். இப்ப படுத்துக்கொண்டு வழிக்கிறன்.

சிவகுருநாதன்: பாத்தீங்களா முன்னேற்றத்தை. இன்னொரு மெசின் வந்தா நித்திரை கொண்டுகொண்டு வழிக்கலாம்.

ஸல்ஹா: சிரிக்க வைக்காதேங்க, வாய்க்குள்ள உப்பு போகுது... அண்ணன், இந்த வாளியைப் பிடிங்க. பாரம்.

சிவகுருநாதன்: அம்மாடி. இது உப்புச் சேறா, கண்டி ரோட்டா?

ஸல்ஹா: ரெண்டும்தான். உப்பளத்தில இருந்து இஞ்ச வந்து சேர எத்தனை ஆமிச் சென்றி?

சிவகுருநாதன்: மூண்டு.

ஸல்ஹா: மூண்டு இடத்திலயும் ஆமிக்காரன் மூட்டையை ரோட்டில கொட்டச் சொல்றான். உள்ள குண்டு இருக்கா எண்டு காலால கிளறிப் பாக்கிறான். பிறகு அள்ளு எண்டுறான். உப்பை மட்டும் அள்ளுறதுக்கு லொறிக்காரன் என்ன எறும்பா?

சிவகுருநாதன்: வெளிநாட்டில மெசின் செய்தவனுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா தகட்டில எழுதியிருப்பான்: 'இந்த இயந்திரம் சமாதான காலத்துக்கு மட்டும்.'

ஸல்ஹா: கடலுக்குப் போறதுக்கே நேரம் குறிச்சு விடுற ஊரில, மீனுக்கு ஐஸ் செய்யுற பக்டரி. அந்த ஐஸை உறைய வைக்க உப்புத்தண்ணி. அந்த உப்புத்தண்ணிக்கு ஒரு மெசின். அந்த மெசினுக்குள்ள நான். விளங்கின மாதிரித்தான்.

சிவகுருநாதன்: உஷ்... மனேஜர் வாறார். நடையைப் பாத்தா ஆரோ அவரின்ர வாலில மிதிச்ச மாதிரிக் கிடக்கு.

அருளம்பலம்: சிவகுரு! சிவகுருநாதன்! எங்க அவ?

சிவகுருநாதன்: மெசினுக்குள்ள, ஐயா.

அருளம்பலம்: ஐயோ, வெளிய எடு! உடன வெளிய எடு! கொழும்பில இருந்து எஞ்சினியர் வாறா. மெசினைத் தந்த ஆக்கள் அனுப்பியிருக்கினம். பத்து மணிக்கு எண்டவை, இப்ப கேற்றடியில அவவைச் செக் பண்ணுறாங்கள்.

ஸல்ஹா: வாறன், வாறன்... இழுக்காதேங்க. சட்டை கொளுவியிருக்கு.

அருளம்பலம்: ஏன் அவசரமா வாறா தெரியுமோ? நல்லா வேலை செய்யுது எண்டு நான் எழுதினதை நம்பி, பாக்க வாறா!

சிவகுருநாதன்: அப்பிடியா எழுதினனீங்க?

அருளம்பலம்: மாசா மாசம் எழுதினனான். 'இயந்திரம் நாள்தோறும் தன்னைத் தானே கழுவுகிறது. இதற்கென ஆள் எவரும் இல்லை.' வேற என்னத்தை எழுதுறது? ஓடேல்லை எண்டு எழுதினா கழட்டிக்கொண்டு போய் வேற ஊருக்குக் குடுத்திடுவினம். பழைய தொட்டியையும் இடிச்சாச்சு. உப்புத்தண்ணி இல்லாட்டி ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாட்டி பக்டரி இல்லை. நீயும் நானும் வீட்டில இருந்து வானத்தில பறக்கிற ஹெலி எண்ண வேண்டியதுதான்.

சிவகுருநாதன்: இப்ப என்ன செய்யப் போறீங்க ஐயா?

அருளம்பலம்: நீ நாலு மாசமாத் திருத்துறாய். திருந்திச்சுதோ?

சிவகுருநாதன்: அது... உள்நாட்டுக் கரண்ட் அதுக்குச் சரிவருதில்லைப் போல.

அருளம்பலம்: உனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நொட்டைச் சாட்டு. சரி, கேள். பின்பக்கம் கைவால்வு இருக்குத்தானே? நான் முன்னால நிண்டு பட்டனை அமத்துவன். சத்தமா 'இப்ப கழுவும்' எண்டுவன். அந்தச் சொல்லுக்கு ஸல்ஹா பின்னால ஒளிச்சிருந்து வால்வைத் திறக்க வேணும்.

ஸல்ஹா: நானா?

அருளம்பலம்: வேற ஆர்? உன்ர அளவில ஆள்தான் மெசினுக்கும் சுவருக்கும் இடையில அடங்கும்.

ஸல்ஹா: பொய்தானே ஐயா.

அருளம்பலம்: பொய்யில்லை, உதவி. பிழைச்சுதோ, உன்ர வேலைப் பாஸைக் கேற்றில குடுத்திட்டு மூதூர் போற லோஞ்ச் படகில ஏறு. திரும்பி வரத் தேவையில்லை. நான் கேற்றுக்குப் போறன்.

சிவகுருநாதன்: ...போட்டார். மனிசன் உதவியெண்டு ஒரு சொல்லுக் கண்டுபிடிச்சார் பாத்தீங்களா?

ஸல்ஹா: பாஸ்...

சிவகுருநாதன்: தங்கச்சி? என்ன, பாஸை எடுத்துப் பாக்கிறீங்க?

ஸல்ஹா: பாஸ் போனா இந்தக் கரைப் படகு ஜெட்டியில இறங்கவே விட மாட்டான் அண்ணன்.

சிவகுருநாதன்: தெரியும்.

ஸல்ஹா: என்ட மகள் ஸுல்பிகாக்குச் சீனி வருத்தம், நாளுக்கு ரெண்டு இன்சுலின் ஊசி. பதினொரு வயசு. மூதூரில கரண்ட் இல்ல. மருந்துக் குப்பியை ஈர மண்ணுக்குள்ள புதைச்சும் பாத்தன், முட்டித் தண்ணிக்குள்ள வெச்சும் பாத்தன். ரெண்டு குப்பி பழுதாப் போச்சு. பிள்ளை மயங்கி விழுந்து...

சிவகுருநாதன்: சொன்னனீங்க, சொன்னனீங்க. அதுதானே பின்னேரம் பிளாஸ்க் நிறைய ஐஸ் கொண்டு போறீங்க.

ஸல்ஹா: சென்றியில ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து மணந்து பாக்கிறான். என்ன எண்டு கேக்கிறான். ஐஸ் பக்டரியில வேலை, ஐஸ் எண்டுறன். பாஸைக் காட்டுறன். விடுறான். பாஸ் இல்லாம பிளாஸ்கை மட்டும் காட்டினா?

சிவகுருநாதன்: அழாதேங்க. இண்டைக்கு ஒண்டும் பிழைக்காது. மெசின் ஓடாது. நீங்க வால்வைத் திறப்பீங்க. எஞ்சினியர் நம்பிக்கொண்டு போவா. மனேஜருக்கு மெசின் ஓடாது எண்டு தெரியும். ஆனபடியா நாளைக்கும் நீங்க வேணும்.

ஸல்ஹா: மெசின் ஓடாது எண்டு அவ்வளவு நம்பிக்கையா?

சிவகுருநாதன்: நான் ஒரு ஃபிற்றர். எனக்குத் தெரியாதே? ...நீங்க ஏன் வேர்க்கிறீங்க?

ஸல்ஹா: ஒண்டுமில்ல.

சிவகுருநாதன்: போங்க, பின்னால போங்க. வருகினம்.

அருளம்பலம்: வாங்கோ மேடம், கவனம், ஈரம்... இதுதான் எங்கட மெசின். இவர் சிவகுருநாதன், ஃபிற்றர். எஞ்சினியர் கமலேஸ்வரி மேடம்.

கமலேஸ்வரி: வணக்கம். மன்னிக்கணும், உங்க கேற்றில என் பேனாவைக்கூடப் பிரிச்சுப் பார்த்தாங்க. நேரம் போச்சு. ஓட்டிக் காட்டுறீங்களா?

அருளம்பலம்: அதுக்கு முன்னம் ஒரு இளநீர்...

கமலேஸ்வரி: முதல்ல மெசின். இந்த மாதிரி மெசின் இன்னும் ரெண்டு ஊர்ல குடுத்தோம். ரெண்டும் சேறு அடைச்சு நின்னு போச்சு. உங்க அறிக்கையில மட்டும் நாலு மாசமா ஒரு குறையும் இல்லை. அந்த அதிசயத்தைப் பார்க்கத்தான் வந்தேன்.

அருளம்பலம்: எல்லாம் எங்கட நிர்வாகம், மேடம். நீங்கள் இதில நில்லுங்கோ. முன்னாலதான் வடிவாத் தெரியும்.

கமலேஸ்வரி: இல்லை, நான் பின்னாடி போறேன். வடிகுழாய் அங்கதானே?

அருளம்பலம்: பின்னாலயோ! அங்க... அங்க பாம்பு இருக்கு மேடம்!

கமலேஸ்வரி: பரவாயில்லை... பாம்பு இல்லையே. ஒரு பொம்பிளை இருக்காங்க.

சிவகுருநாதன்: துலைஞ்சுது.

கமலேஸ்வரி: எழும்புங்க. ஏன் இதுக்குள்ள குந்தியிருக்கீங்க?

ஸல்ஹா: சும்மா... பாம்பு பாக்கிறன்.

கமலேஸ்வரி: வெளியில வாங்க. என் பக்கத்துல நில்லுங்க. ஓம், அப்படித்தான். மனேஜர், நீங்க அங்க இருந்து பட்டனை அமத்துங்க!

அருளம்பலம்: இப்பவோ?

கமலேஸ்வரி: இப்பவே.

அருளம்பலம்: ...இப்ப கழுவும்! ...கேட்டுதோ? இப்ப கழுவும்!

சிவகுருநாதன்: ஐயா, கத்தத் தேவையில்லை. எல்லாரும் இஞ்சதான் நிக்கிறம்.

அருளம்பலம்: சில நேரம் கொஞ்சம் சுணங்கும் மேடம், அது வந்து... அட! சத்தம் கேக்குது!

கமலேஸ்வரி: தண்ணி வருது. ...சேறு வருது. ...பாருங்க, மெசின் உள்ளுக்கே சுத்திச் சுத்தி அடிச்சுக் கழுவுது. அருமை!

சிவகுருநாதன்: இது... இது என்னெண்டு...

கமலேஸ்வரி: என்ன, ஃபிற்றர், முதல் தரம் பார்க்கிற மாதிரி நிக்கிறீங்க?

சிவகுருநாதன்: இல்லை மேடம். ஒவ்வொரு நாளும் பாக்கிறதுதான். பாத்தும் அலுக்கேல்லை.

கமலேஸ்வரி: நில்லுங்க, குழாயால ஏதோ விழுந்துது. தேங்காய்ச் சிரட்டை? இது மெசினோட வந்த உதிரிப்பாகமா?

சிவகுருநாதன்: வந்தது தேய்ஞ்சு போச்சு மேடம். இது உள்ளூரில எடுத்தது.

அருளம்பலம்: பாத்தீங்களோ மேடம், நான் எழுதினது ஒரு எழுத்தும் பொய்யில்லை! ஸல்ஹா, இஞ்ச வா. மெசின் தானே கழுவுது, கண்ணால கண்டனிதானே? இனி உன்ர வேலை முடிஞ்சுது. பாஸைக் கேற்றில குடுத்திட்டு...

ஸல்ஹா: ஐயா...

அருளம்பலம்: என்ன ஐயா? ஒரு மெசினுக்கு ரெண்டு கழுவலோ?

கமலேஸ்வரி: கொஞ்சம் பொறுங்க. இவங்க என்ன வேலை?

அருளம்பலம்: மெசினுக்குள்ள இறங்கிக் கழு...

சிவகுருநாதன்: ஐயா, யோசிச்சுச் சொல்லுங்கோ.

கமலேஸ்வரி: இறங்கிக் கழுவுறாங்களா? நாலு அறிக்கையிலயும் 'இதற்கென ஆள் எவரும் இல்லை'ன்னு நீங்கதானே கையெழுத்து வெச்சீங்க?

அருளம்பலம்: அது... ஓம், நான்தான்... அது என்னெண்டா மேடம்...

சிவகுருநாதன்: ஐயா சொல்ல வெக்கப்படுறார், மேடம். இவதான் மெசின் ஒபரேற்றர். உப்புப் போடுறது, தண்ணி திறக்கிறது, சேற்றின்ர அளவு பாக்கிறது எல்லாம் இவ. மற்ற ரெண்டு ஊரிலயும் நிண்டு போனது இஞ்ச நிக்காம ஓடுறதுக்கு இவதான் காரணம். இல்லையே ஐயா? மேடம் பேனாவோட நிக்கிறா.

அருளம்பலம்: ...ஓம். ஒபரேற்றர்.

கமலேஸ்வரி: அப்போ ஏன் வேலை முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?

அருளம்பலம்: இண்டைய வேலை, மேடம். இண்டைய வேலை முடிஞ்சுது எண்டனான். நாளைக்கு வர வேணும்தானே.

கமலேஸ்வரி: நல்லது. ஸல்ஹா, ஒபரேற்றர்ன்னு உங்க பேரைப் போட்டு அறிக்கை எழுதுறேன். இந்த வருசம் முழுக்க உங்களை மாத்தக் கூடாது. பாஸையும் அந்தப் பேர்லயே எடுத்துக் குடுங்க, மனேஜர். இப்போ அந்த இளநீர் எங்க?

அருளம்பலம்: வாங்கோ... என்ர கந்தோர் அறைக்கு வாங்கோ மேடம். சிவகுரு, உன்னோட பிறகு கதைக்கிறன்.

சிவகுருநாதன்: ஆறுதலாக் கதைப்பம் ஐயா. ...போட்டினம்.

ஸல்ஹா: போயிட்டாங்களா? யா அல்லா. இதில இருக்கிறன்.

சிவகுருநாதன்: இருங்க. ஒபரேற்றர் இருக்காம ஆர் இருக்கிறது? ...தங்கச்சி, ஒண்டு கேக்கட்டே?

ஸல்ஹா: கேளுங்க.

சிவகுருநாதன்: நீங்க வால்வைத் தொடேல்லை.

ஸல்ஹா: தொடல்ல. அவ பக்கத்தில ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு நிண்டன்.

சிவகுருநாதன்: அப்ப தண்ணி என்னெண்டு வந்தது?

ஸல்ஹா: ஐயா பட்டனை அமத்தினார். வந்தது.

சிவகுருநாதன்: பகிடி விடாதேங்க. அது வர ஏலாது. ஏலவே ஏலாது.

ஸல்ஹா: ஏன் ஏலாது? சொல்லுங்க அண்ணன்.

சிவகுருநாதன்: அதின்ர பியூஸ் என்ர சட்டைப் பைக்குள்ள கிடக்கு. இந்தா, பாருங்க. மெசின் பூட்டின அடுத்த நாளே கழட்டிப்போட்டன். அது கழுவத் தொடங்கினா உங்களை நிப்பாட்டிப்போடுவினம், பிள்ளையின்ர மருந்து என்ன கதி எண்டு... நாலு மாசமா ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. உங்களுக்கும்தான். அந்தச் சேத்துக்குள்ள நீங்க கிடந்து படுற பாட்டைப் பாத்துப் பாத்து, சொல்லுவமோ விடுவமோ எண்டு...

ஸல்ஹா: ...

சிவகுருநாதன்: கோவமா? அழுறீங்களா?

ஸல்ஹா: இல்ல. சிரிப்பு வருது, அடக்கிக்கொண்டு இருக்கிறன்.

சிவகுருநாதன்: இதில என்ன சிரிப்பு?

ஸல்ஹா: பியூஸ் இல்லாததை நான் ரெண்டாம் கிழமையே கண்டிட்டன் அண்ணன். எலி இழுத்திட்டுப் போயிட்டுதாக்கும் எண்டு, நீங்க எறிஞ்ச சிகரெட் பெட்டிக்குள்ள இருந்த வெள்ளித் தாளை உருட்டி அந்த இடத்தில வெச்சன். அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் நீங்க தேத்தண்ணிக்குப் போற நேரம் மெசின் தானே பீங்கான் மாதிரிக் கழுவுது... அது கழுவி முடிய, நீங்க வந்து பாக்க நான் சுரண்ட வேணுமெண்டு ரெண்டு வாளி சேத்தைத் திருப்பி உள்ள போடுறதுதான் நாலு மாசமா என்ட வேலை.