ஆறு அங்குலக் கண்ணாடி, நல்ல நிலையில்

கண்ணாடியின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். பழைய சாமான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களில் பாதிப்பேர் முன்பக்கத்தின் பளபளப்பைக் கண்டவுடன் விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் பின்புறப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு விற்பதில் எனக்குச் சந்தோஷம்.

அந்தப் பெயர் மூத்ததம்பி. அவருக்கு முன்னும் இந்தக் கண்ணாடி என்னுடையதாக இருந்தது, பின்னும் என்னுடையதானது. அது எப்படி என்று கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும்.

நான் திருகோணமலை நகரத்தில் இருபத்தாறு வருடங்களாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சண்டை நின்றிருந்த 2003ஆம் ஆண்டு, கண்டியில் ஒரு பெரியவர் தன் தொலைநோக்கியை இணையத்தில் விற்கப் போட்டிருந்தார். நேரே போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சோதனைச்சாவடியில் கடைச் சாமான் என்று சொன்னேன். அங்கிருந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் கண்ணாடி போட்டவர்கள் என்பதால் சிரித்துவிட்டுப் போக விட்டார்கள். தொலைநோக்கி என்பது உண்மையில் குழாயின் அடியில் கிடக்கும் இந்தக் குழிவான கண்ணாடிதான். மிச்சமெல்லாம் தகரமும் திருகாணியும். உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வருடம் வைத்திருந்தேன். பிறகு கொழும்பில் ஒருவர் எட்டு அங்குலத்தில் ஒன்று விற்பதாகப் போட்டார். அதை வாங்கலாம் என்ற எண்ணத்தில் என்னுடையதற்கு விளம்பரம் எழுதினேன். நான் எழுதும் விளம்பரங்களில் பொய் இருக்காது. குழாயில் ஒரு கீறல் உண்டு என்று எழுதினேன். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் பெயரைக் கரையிலிருந்து வாசிக்கலாம், தலைகீழாகத் தெரியும், ஆனால் எழுத்துத் தெளிவாக இருக்கும் என்றும் எழுதினேன்.

அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்தான் மூத்ததம்பி. உப்புவெளி ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர். சைக்கிளில் வந்தார்.

“அண்ணை, இதால சூரியனைப் பாக்கலாமோ?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

“நேர பாத்தால் கண் போயிடும். வெள்ளைத் தாளில விழுத்திப் பாக்கலாம்.”

“அது காணும். சூரியனில புள்ளி இருக்கெண்டு மனிசி எங்கயோ வாசிச்சிருக்கிறா. நான் இல்லையெண்டு பந்தயம் பிடிச்சனான்.”

சொன்ன விலைக்குச் சம்மதித்து, குழாயைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமையே கொழும்புக்காரர் தன்னுடையதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு நான் முற்பணம் அனுப்பியிருக்கவில்லை.

அந்த ஆண்டு ஆனி மாதம் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்து போனது. பட்டப்பகலில் நடந்த விடயம், உங்களுக்கும் நினைவிருக்கும். என்னிடம் தொலைநோக்கி இல்லாததால் பஸ் ஏறி உப்புவெளிக்குப் போனேன். மூத்ததம்பியின் முற்றத்தில் ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். மீன் வெட்டிய கையோடு வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு கதிரையில் வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்து, அவருடைய மனைவி குணேஸ்வரி சூரியனின் விம்பம் விலகும்போதெல்லாம் கதிரையை நகர்த்திக்கொண்டிருந்தார். விம்பத்தின் மேல் மிளகளவில் ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவு கூர்மையான பொட்டை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

என்னைக் கண்டதும் மூத்ததம்பி வரிசையை நிறுத்தி முன்னுக்குக் கூப்பிட்டார். “இது சோமசேகரம் அண்ணையின்ர சாமான். நான் இடையில வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மரியாதைக்குச் சொன்னார் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சாட்சிகள் முன்னால் சொன்னது. நான் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன்.

பிறகு தேத்தண்ணீர் தந்தார். “தூசி பிடிச்சுக் கிடந்துது அண்ணை. நேற்றுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சனான்” என்றார்.

“எதால?”

“நான் கட்டிற பழைய சாரத்தால. நல்லாத் தோய்ச்சதுதான்.”

தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்கழியில் சுனாமியாகக் கடல் வந்தது. அவருடைய வீடு றோட்டுக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் முழங்கால் வரைதான் ஏறியது. நான் சைக்கிளில் விசாரிக்கப் போனேன். முதலில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். திரும்பி வந்து மாமியாரைத் தூக்கினாராம். மூன்றாம் முறைதான் தொலைநோக்கி. அதற்குள் குழாயின் அடிப்பக்கம் உப்புத் தண்ணீரில் நின்றுவிட்டது. இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். மாமியார் வாசலோடு இருந்த கட்டிலில்தான் படுத்திருந்தவர் என்பதையும், தொலைநோக்கி உள்ளறையில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்து, அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எதற்கு எந்த இடம் என்பது எனக்கு விளங்கியது.

இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். வாங்கிய விலைக்கு மேலே தருவதாகவும் சொன்னேன்.

“ஏலாது அண்ணை” என்றார். “இவ ஒவ்வொரு நாளும் சூரியனைக் கொப்பியில கீறுறா. இதை விட்டால் என்னையும் வீட்டை விட்டுக் கலைச்சிடுவா.”

குணேஸ்வரி ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் அன்றன்றைய சூரியப் புள்ளிகள், ஓரத்தில் திகதியும் நேரமும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மழை நாளில் வெறும் வட்டத்தைக் கீறி “மழை” என்று எழுதியிருந்தார். கண்ணுக்கு அழகான வேலை. நான் அதை மனமாரப் பாராட்டினேன்.

2006இல் நிலைமை திரும்பிப் பழுதாகியதும் மூத்ததம்பி கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“அண்ணை, இதை வீட்டில வைச்சிருக்கப் பயமாக் கிடக்கு. ஆமி முகாமில கொண்டுபோய்க் குடுத்து, குடுத்ததுக்கு ஒரு துண்டு எழுதி வாங்கினால் என்ன?”

“என்னட்டைத் தாங்கோவன்” என்றேன்.

“உங்களை ஏன் அண்ணை கரைச்சலில மாட்டுவான்? நகரத்துக்குள்ள இருக்கிறியள். கண்டால் உங்களையெல்லோ பிடிப்பினம்.”

நல்ல மனிதர். அதை நான் எப்போதும் சொல்வேன். ஆனால் கையளித்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். ஏதாவதொரு களஞ்சியத்தில், துருப்பிடித்த சைக்கிள்களோடு கிடந்து, ஆறு மாதத்தில் கண்ணாடி பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கையளிக்கத் தேவையில்லை, பேசாமல் வீட்டிலேயே வைத்திருங்கள், தெரிந்தவர்களிடம் நான் கதைக்கிறேன் என்று சொன்னேன். உப்புத் தண்ணீர் பட்ட இடத்தைக் கழுவ வேண்டும், கண்ணாடியை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னேன். அது உண்மை. கழுவத்தான் வேண்டியிருந்தது.

அடுத்த நாளே புதுத் துவாய் ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்புறத்தில் பென்சிலால் பெயர் இருந்தது. “கண்ணாடிக் கடையெல்லோ, மாறிப் போடும் எண்டு மனிசி எழுதிவிட்டவ” என்றார். நீங்கள் கேட்ட எழுத்து அதுதான். பின்புறம் சொரசொரப்பாக அரைத்த கண்ணாடி என்பதால் பென்சில் நன்றாகப் பிடித்திருக்கிறது. அழிக்க முயன்றால் அழியும். முன்பக்கம் காட்டும் விம்பத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கழுவினேன். காய்ந்ததும் தூக்கிப் பார்த்தேன். நீரில் நின்ற விளிம்போரம் இரண்டு சிறிய புள்ளிகள் தவிர ஒரு குறையும் இல்லை. சாரத்தால் துடைத்தும் கீறல் விழாதது அதிசயம்தான். மூத்ததம்பி இரண்டு முறை வந்து “முடிஞ்சுதோ அண்ணை?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அப்படி எத்தனை முறை சொல்ல முடியும்?

தாஹிரின் இணையக் கடைக்குப் போனேன். என் பழைய விளம்பரம் அப்போதும் அந்தப் பக்கத்தில் இருந்தது. அதிலிருந்த வரிகளையே எடுத்தேன். அங்குலம், பெருக்கம், கப்பலின் பெயரை வாசிக்கலாம் என்பது. மேலே மூத்ததம்பியின் வீட்டு விலாசத்தையும், கீழே ஒரு வரியையும் மட்டும் புதிதாகச் சேர்த்தேன். இந்த வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது, அதில் நாள்தோறும் நேரத்தோடு புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பது அந்த வரி. அதில் ஒரு சொல் பொய்யென்று யாரும் காட்ட முடியாது.

அச்செடுத்துத் தந்தபோது தாஹிர் மேல்வரியை மட்டும் பார்த்துவிட்டு, “பழைய விளம்பரமெல்லோ, திரும்ப விக்கப் போறியளோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். போகிற வழியில் அதை உறையிலிட்டு முகாம் வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன்.

மூன்று நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, ஐஸ் தொழிற்சாலையில் வைத்து மூத்ததம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்து குழாயையும் கொப்பியையும் எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் குணேஸ்வரி கடைக்கு வந்தார். கடையில் வேறு ஒருவரும் இல்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“அண்ணை, நான் முகாம் வாசலுக்குப் போனனான். கப்பல் பாக்கிற சாமானாம் எண்டு சொல்லுகினம். கண்ணாடி எங்கையெண்டு இவரைக் கேட்டு அடிக்கினமாம். இவர் வாய் திறக்கேல்லையாம். அது உங்களிட்டை இருக்கெண்டு காட்டினால் போதும். அது இல்லாமல் அந்தக் குழாயால ஒண்டையும் பாக்கேலாதெண்டு நீங்கள் சொன்னால் நம்புவினம். உங்களிட்டைக் கண்ணாடி போட்ட ஆக்கள் தானே.”

நான் மேசையிலிருந்த ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்துத் துடைத்தேன்.

“உங்களைக் கேளாமல் உங்கட பேரைச் சொல்லக்கூடாது எண்டுதான் முதல் இஞ்ச வந்தனான்” என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. முகாமின் பெரியவருக்கு அந்த மாதம்தான் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் என்னை மதிப்பவர். நான் போய்ச் சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே விட்டிருப்பார்கள்.

“எந்தக் கண்ணாடி, தங்கச்சி?” என்று கேட்டேன்.

குணேஸ்வரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசையை, அலுமாரியை, சுவரில் தொங்கிய சட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “சரி அண்ணை” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பிறகு அவர் என் பெயரை யாரிடமாவது சொன்னாரோ தெரியாது. கடைக்கு ஒருவரும் வந்து கேட்கவில்லை. மூத்ததம்பி திரும்பி வரவில்லை. இந்த ஆவணியோடு இரண்டு வருடம்.

இந்த ஊரில் இப்போது தொலைநோக்கியை வெளியே எடுக்க முடியாது. வாங்கிய நாளிலிருந்து, அதாவது திரும்ப என் கைக்கு வந்த நாளிலிருந்து, கண்ணாடி மேசை லாச்சிக்குள்ளேயே பஞ்சில் கிடக்கிறது. ஒருநாள்கூட வானத்தைப் பார்க்கவில்லை. பாவிக்காமல் வைத்திருப்பது சாமானுக்கு நல்லதில்லை என்பதால்தான் விற்கிறேன்.

குணேஸ்வரி வந்த அன்றும் அது அந்த லாச்சிக்குள்தான் இருந்தது. அவருடைய கை எட்டும் தூரம். அதை எடுத்துக் கொடுத்திருந்தால் மூத்ததம்பி உயிரோடு வந்திருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் இருக்கிறவர் என்றபடியால் உங்களைக் கேட்கிறேன்: முகாமில் இருக்கிறவர்கள் அதைக் கையுறை போட்டா தொட்டிருப்பார்கள்?